காரைக்குடி டிஃபெண்டர் பயிற்சி வகுப்பு: நிற்கச் சொல்லித் தருகிறார்கள், பேசச் சொல்லித் தருவதில்லை

இந்தப் பக்கம் ஃபுட்பால் கோச்சிங் என்றாலே டிரிப்ளிங், ஷூட்டிங்தான். ஸ்டாப்பர் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்), விங் பேக் (ஓரத்தில் ஆடும் டிஃபெண்டர்) ஆடும் பையன்களுக்கென்றே சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு நடக்கும் வகுப்பு இது. தேவகோட்டை, பள்ளத்தூரிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள்.

மைதானம் சரளை கலந்த செம்மண். சறுக்கினால் தொடைத் தோல் உரிந்துவிடும், அதனால் ஸ்லைடிங் டேக்கிளுக்குத் தடை. குறை மாதிரித் தெரியும், ஆனால் வகுப்பின் பலமே அதுதான். விழுந்து பந்தை எடுக்க வழியில்லாதவன் ஒழுங்காக நிற்கக் கற்றே தீர வேண்டும்.

முதல் மாதம் ஒருவருக்கு ஒருவர்தான். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்தில் கோன் வைக்கிறார்கள். ஃபார்வர்டு காலுக்குப் பந்து போய்ச் சேர்வதற்குள் பேக் விரட்டிப் போக வேண்டும். கடைசி இரண்டு மூன்று எட்டைக் குறுக்கி, வேகத்தைக் கொன்று, ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். உடம்பு பக்கவாட்டில், முழங்கால் மடங்கி, எடை முன்பாதத்தில். குதிகால் தரையில் பட்டால் உடனே விசில். நெஞ்சைக் காட்டி நின்றால் இரண்டு காலுக்கு நடுவே பந்து போய்விடும், திரும்பி ஓடவும் நேரமாகும். டச்லைன் (மைதானத்தின் ஓரக் கோடு) பக்கம் வழி விட்டு உள்பக்கத்தை அடைக்கச் சொல்கிறார்கள். பார்வை பந்தின் மேல்தான், இடுப்பாட்டத்தைப் பார்த்தால் போச்சு. காலை எப்போது நீட்டலாம்? எதிராளி தட்டிய பந்து அவன் காலை விட்டுச் சற்று விலகி உருளும் நொடியில் மட்டும்.

இருவருக்கு ஒருவர் பயிற்சியும் அருமை. இங்கிலாந்து கிளப் லிவர்பூலின் ஸ்டாப்பர் வான் டைக் 2019 மார்ச்சில் டாட்டன்ஹாமுக்கு எதிராகச் செய்ததை உதாரணமாக எடுக்கிறார்கள். சிசோகோ பந்தோடு வருகிறார், பக்கத்தில் சோன் ஓடி வருகிறார். வான் டைக் பாயவில்லை. சோனுக்குப் போகும் பாஸை அடைத்தபடியே பின்வாங்கி, சிசோகோவை இடது காலால் அடிக்க வைத்தார். பந்து பாருக்கு மேலே போனது. கோல் போடுவதில் யார் மட்டமோ அவனிடமே பந்தை விட்டு வைப்பது என்ற இந்தக் கணக்கைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்கிறார்கள் என்றால் சும்மா இல்லை.

குறை இனிமேல்தான். இரண்டு ஸ்டாப்பரும் ஒரே கோட்டில் நின்றால், செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்றவனுக்குப் பின்கட்டு தெரிவது போல ஒரே பாஸில் கோல் வரை வழி திறந்துவிடும். ஒருவன் பந்துக்குப் போனால் அடுத்தவன் நாலைந்து மீட்டர் பின்னால், உள்பக்கமாக ஒதுங்கிக் கவர் நிற்க வேண்டும். எதிரணி பந்தைப் பின்னுக்குத் தட்டினால் நால்வரும் சேர்ந்து ஏற வேண்டும். ஒருவன் தங்கிவிட்டாலும் எதிராளியை ஆஃப்சைடில் (டிஃபெண்டர்களைத் தாண்டி நின்று பந்து வாங்கும் தவறு) மாட்ட வைக்க முடியாது. இதற்கெல்லாம் மாதத்தில் ஒரே ஒரு வகுப்பு, காணவே காணாது. “ஏறு”, “விடு”, “பின்னாடி ஆள்” என்று சத்தம் கொடுக்கும் பழக்கமும் இல்லை. ஊமையாக ஆடும் பேக் எவ்வளவு திறமைசாலியானாலும் பாதி ஆள்தான்.

ஹெட்டிங்கும் சுமார். நின்ற இடத்தில் தூக்கிப் போட்டு அடிக்க விடுகிறார்கள். ஆட்டத்தில் ஓடி வந்து ஒற்றைக்காலில் எம்ப வேண்டியிருக்குமே!

உயரமான பையனை மட்டும் ஸ்டாப்பராக நிறுத்துவதை ஒப்பவே முடியாது. 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலி கேப்டன் கன்னவாரோ 1.76 மீட்டர்தான். அந்தத் தொடரில் இத்தாலி வாங்கியதே 2 கோல், ஒன்று சேம்சைடு, மற்றது பெனால்டி. அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் டி’ஓர் விருது கன்னவாரோவுக்குத்தான் கிடைத்தது.

கட்டணம் மாதம் 800 ரூபாய். ஷின் கார்டு நீங்களே வாங்க வேண்டும். நீளமான ஸ்டட் இந்தத் தரையில் இறங்காது, கணுக்கால் பிசகும். சின்ன ரப்பர் குமிழ் வைத்த டர்ஃப் ஷூ எடுங்கள். 11 முதல் 15 வயதுக்குத் தாராளமாகச் சேர்க்கலாம். ஏற்கெனவே மாவட்ட அணியில் ஆடுகிறவனுக்கு முதல் இரண்டு மாதம் போதும்.