பசில் பிரியையான சிறு குழந்தைக்கு எந்தப் பெட்டியை வாங்கலாம்?

ஜிக்சா பசில் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வயது, ஒரே எண்ணில் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. இந்த வயதுக் குழந்தையால் படத்தைச் சேர்க்க முடியும் என்ற உற்பத்தியாளரின் கணிப்பு ஒன்று. இதற்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் தொண்டையில் துண்டு சிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை மற்றொன்று. முதலாவதை நம் வீட்டுக் குழந்தையின் திறமையைப் பார்த்து நாமே திருத்திக்கொள்ளலாம். இரண்டாவதில் கைவைக்கக் கூடாது. எங்கள் பேத்தி அண்மையில்தான் 3 வயதைக் கடந்திருக்கிறாள். 12 துண்டுப் படத்தை யாருடைய உதவியும் இல்லாமல் சேர்த்து முடித்துவிட்டு, அடுத்த நொடியே "தாத்தா, இன்னொண்ணு" என்று கேட்பவள். அவளுக்காக வாங்கியவற்றையும் கடைகளில் கையிலெடுத்துப் பார்த்தவற்றையும் வைத்து, இதே போன்ற ஆர்வமுள்ள குழந்தைகளின் வீட்டாருக்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

பாதுகாப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 3 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு உருளையைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அழுத்தாமலே எந்தத் துண்டு அதற்குள் முழுவதுமாக அடங்குகிறதோ, அது அந்த வயதுக்கு ஆகாது. நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. என்பதால், அந்த நாணயத்தைவிடச் சற்றே பெரிதாகத் தெரியும் துண்டைக் கண்டால் கடையிலேயே எச்சரிக்கையாகிவிடலாம். பசில் சேர்க்கும் குழந்தைக்கு 3 வயது நிறைந்திருந்தாலும், தவழ்ந்து வந்து கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துக்கொள்ளும் தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். எங்கள் வீட்டின் நிலைமை அதுதான். இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், வெளிநாட்டிலிருந்து வருபவையும் இதற்கு விலக்கல்ல. இணையத்தில் வாங்குவோர், பெட்டியின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கி அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

இனித் தேர்வுக்கு வருவோம். கைப்பிடிக் குமிழ் வைத்த மரத்தட்டுகள், அதாவது அ, ஆ எழுத்துகளையோ பழங்களையோ அந்தந்தப் பள்ளத்தில் பொருத்தும் வகை, நம் ஊர்க் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. ஒன்றரை, இரண்டு வயதுக்கு அவை மிக நல்லவை. பசிலில் ஆழ்ந்துவிட்ட குழந்தைக்கோ அவற்றில் வேலை விரைவில் தீர்ந்துபோகும். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிப் பள்ளம் இருப்பதால், ஒரு துண்டுக்கும் பக்கத்துத் துண்டுக்கும் உள்ள உறவை யோசிக்கவே வேண்டியதில்லை. ஜிக்சாவின் சுவையே அந்த உறவில்தான் இருக்கிறது.

அந்த உறவைப் பழக்குவதற்கு அமெரிக்க நிறுவனமான மெலிசா அண்ட் டக்கின் மரப்பெட்டியை நான் முதலில் பரிந்துரைப்பேன். ஒரே பெட்டியில் 12 துண்டுகள் கொண்ட நான்கு படங்கள். எந்தத் துண்டு எந்தப் படத்தைச் சேர்ந்தது என்பதைத் துண்டின் பின்புறத்திலுள்ள குறியைப் பார்த்தே பிரித்துவிடலாம். 12 துண்டு என்பது கெட்டிக்காரக் குழந்தைக்கு எளிதுதான். ஆனால் இந்தப் பெட்டியின் அருமை பிறகுதான் தெரியவரும். இரண்டு படங்களின் துண்டுகளைக் கலந்து கொடுத்தால் 24 ஆகிறது. நான்கையும் கலந்தால் 48. அப்போது குழந்தை பொருத்துவதற்கு முன்னால் பிரிக்கவும் வேண்டியிருக்கிறது. பின்புறக் குறியைப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொடுத்தால் ஒரு கடினம், சொல்லிக்கொடுக்காவிட்டால் அதைவிடக் கூடுதலான கடினம். ஒரே பொருள் இத்தனை படிகளைத் தருவது அரிது. மரம் என்பதால் துண்டுகள் நீண்ட நாள் உழைக்கும் என்பதையும் சேர்த்தால், கொடுக்கும் விலை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

அடுத்த படி, அதே நிறுவனத்தின் 48 துண்டுத் தரை பசில். சேர்த்து முடித்தால் 2 அடிக்கு 3 அடி; ஒரு துண்டு ஏறத்தாழ 10 செ.மீ. இருப்பதால், அதை விழுங்கிவிடுவார்களோ என்ற அச்சத்துக்கே இடமில்லை. கடினத்தைக் கூட்ட வேண்டும், துண்டு சிறுத்துவிடவும் கூடாது என்று தேடுபவருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தென்படவில்லை. குழந்தை உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டாத அளவுக்குப் படம் பெரிதாக இருப்பதும் நன்மையே. எழுந்து, சுற்றி வந்து, மறுபக்கத்திலிருந்து தலைகீழாகப் பார்த்து என்று முழு உடலும் வேலையில் ஈடுபடுகிறது. கூடத்தில் அந்த அளவுக்குத் தரை காலியாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இந்த இடத்தில் துண்டுகளின் எண்ணிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 24 துண்டுகளை 4 வரிசை, 6 நிரல் என்று வெட்டினால் 16 துண்டுகளுக்கு நேரான ஓரம் இருக்கும். நடுவில் 8 மட்டுமே. 48 துண்டுகளை 6 வரிசை, 8 நிரலாக வெட்டினால் ஓரம் 24, நடு 24. 100 துண்டுகளை 10 வரிசை, 10 நிரலாக வெட்டினால் ஓரம் 36, நடு 64. ஆகவே 24-லிருந்து 48-க்குப் போவது இரண்டு மடங்கு வேலை என்று நினைப்பது சரியல்ல. நான்கு பக்கமும் பொருத்தம் பார்க்க வேண்டிய நடுத் துண்டுகள் மூன்று மடங்காகின்றன. இதை அறியாமல் 24-லிருந்து ஒரே தாவலில் 100-க்குப் போனால், அதுவரை ஆசையோடு உட்கார்ந்த குழந்தை எழுந்து போய்விடும்.

படமும் எண்ணிக்கைக்குச் சமமான அளவு முக்கியம். பெரியவர்களாகிய நாம் ஓரத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டம் கட்டித் தொடங்குவோம்; குழந்தை முகத்திலிருந்து தொடங்குகிறது. பேத்தி ஒரு துண்டை எடுத்ததும் "இது யானையோட காது" என்று அறிவித்துவிட்டு, யானையின் கண் இருக்கும் துண்டைத் தேடுகிறாள். கிடைத்ததும் காதை அதன் பக்கத்தில் வைத்து, சேராவிட்டால் கால் சுற்றுத் திருப்பி, மறுபடியும் கால் சுற்றுத் திருப்பி, ஒரு துண்டின் விளிம்பில் துருத்தி நிற்கும் குமிழ் மற்றதன் பள்ளத்தில் இறங்கும் வரை விடுவதில்லை. இப்படிச் சேர்க்கும் குழந்தைக்கு, ஒவ்வொரு துண்டிலும் ஏதாவது ஓர் அடையாளம் இருக்கும் படம் வேண்டும். படத்தில் பாதி வெறும் நீல வானமாக இருந்தால் அது கடினமாகத்தான் இருக்கும், ஆனால் யோசிக்க ஒன்றுமில்லாத கடினம் அது. வரிக்குதிரையும் புலியும் அடுத்தடுத்து நிற்கும் காட்டுப் படத்தில் கோடுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அந்தக் கடினத்தைத்தான் நாம் விலைகொடுத்து வாங்க வேண்டும்.

1883-இல் தொடங்கிய ஜெர்மானிய நிறுவனமான ராவன்ஸ்பர்கர் இத்தகைய படங்களில் தேர்ந்தது. துண்டுக்குத் துண்டு குமிழின் வடிவம் மாறுவதாலும் வெட்டு நுட்பமாக இருப்பதாலும், தவறான துண்டு 'சேர்ந்ததுபோல' உட்கார்ந்து குழந்தையை ஏமாற்றுவதில்லை. இதன் 24 துண்டுப் படங்கள் பெட்டிக்கு இரண்டாக வருகின்றன. படத்தின் அளவு 26 செ.மீ.க்கு 18 செ.மீ. துண்டு 4 செ.மீ.க்கு மேல் இருக்கும். 60 துண்டுப் படம் 36-க்கு 26. அதிலும் துண்டு 4 செ.மீ.யை ஒட்டியே வருகிறது. ஆனால் பெட்டிக்கு மூன்றாக வரும் 49 துண்டுப் படங்களில் துண்டு ஏறத்தாழ 3 செ.மீ.தான். தவழும் குழந்தை உள்ள வீட்டில் 49-ஐத் தவிர்த்துவிட்டு, 24-க்கும் 60-க்கும் இடையில் 35 துண்டுப் பெட்டியைப் படியாக வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. 100 எக்ஸ்.எக்ஸ்.எல். என்ற பெட்டியில் படம் 49-க்கு 36 என்பதால் துண்டுகள் மறுபடியும் பெரிதாகிவிடுகின்றன. பெட்டியிலுள்ள 6 வயது என்ற குறிப்பைக் கண்டு ஆர்வமுள்ள குழந்தையை அதுவரை காக்க வைக்க வேண்டியதில்லை. 60-ஐ அலுப்பில்லாமல் முடிக்கும் நாளில் அதை எடுத்துக் கொடுக்கலாம்.

விலை மலிவான அட்டை பசில்களை நான் ஒதுக்கவில்லை. அவற்றிலும் நல்லவை உண்டு. ஆனால் வாங்குமுன் இரண்டு துண்டுகளைச் சேர்த்து, ஒன்றை மட்டும் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். மற்றது உடனே நழுவி விழுந்தால் வாங்க வேண்டாம். குழந்தை முழங்காலால் இடித்த மாத்திரத்தில் சேர்த்த படமெல்லாம் கலைந்துவிடும். அட்டையின் விளிம்பையும் பார்க்க வேண்டும். எங்களுக்குப் பரிசாக வந்த ஒரு பெட்டியில், எச்சில் பட்ட மூலைகளிலெல்லாம் படத்தாள் அட்டையிலிருந்து உரிந்து சுருண்டது. சின்னவன் அந்தச் சுருளைக் கிழித்து வாயில் போடத் தொடங்கியதும் பெட்டியையே பரணில் ஏற்றிவிட்டோம்.

பெண் குழந்தைகளுக்கு வாங்குவோரிடம் இதைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் லெவினும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 53 குழந்தைகளை அவர்களுடைய 26 மாத வயது முதல் 46 மாத வயது வரை வீட்டிலேயே கவனித்தார்கள். பசில் விளையாடிய குழந்தைகள், 54 மாத வயதில் வடிவங்களை மனத்தில் திருப்பிப் பொருத்திப் பார்க்கும் சோதனையில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பசில்தான் அதற்குக் காரணம் என்று இந்த ஒரே ஆய்வை வைத்து முடிவுகட்ட முடியாது. என்னை உறுத்தியது வேறொன்று: ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவில் பசில் விளையாடியிருக்க, கடினமான பசில்களும், 'திருப்பு', 'மூலை', 'ஓரம்' போன்று வடிவத்தையும் இடத்தையும் குறிக்கும் பேச்சும் ஆண் குழந்தைகளுக்கே கூடுதலாகக் கிடைத்திருக்கின்றன. கடையில் இளஞ்சிவப்புப் பெட்டிகளின் பக்கம் நம்மைக் கொண்டு நிறுத்தும் விற்பனையாளரிடம், பெண் குழந்தைக்கும் 48 துண்டையும் 60 துண்டையும் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். அவள் சேர்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, துண்டை எடுத்துக் கொடுக்காமல், வாயால் மட்டும் வழி சொல்லுங்கள்.

இந்திய வரைபட பசில் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி 1760களில் மரப்பலகையில் ஒட்டி அறுத்து விற்றதும் வரைபடங்களைத்தான். மாநிலத்தின் எல்லையே துண்டின் வடிவமாக இருப்பது இன்றைக்கும் அழகான யோசனை. ஆயினும் ராஜஸ்தான் உள்ளங்கை அளவுக்கு இருக்கும் படத்தில் கோவா விரல்நுனி அளவுக்குச் சுருங்கிவிடும். அதை, சின்னவன் வாயில் வைக்கும் பழக்கத்தை விட்ட பிறகு வாங்குவதாக இருக்கிறோம்.