சாவி திரும்ப மாட்டேங்குது: என் காரோட ரெண்டு வருஷ இம்சை

2013-ல வாங்கின ஹேட்ச்பேக், மேனுவல் கியர், ஒரு லட்சத்து பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. என்ஜினப் பத்தி குறை சொல்ல ஒண்ணும் இல்ல. இம்சை குடுத்தது எல்லாம் சாவி போடுற ஓட்டைதான்.

முதல்ல வாரத்துக்கு ஒரு தடவ சாவி உள்ள போகும், ஆனா திரும்பாது. எடுத்துட்டு மறுபடி போட்டா திரும்பிரும். சரி பழைய வண்டி, இப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அடுத்து மூணு நாளைக்கு ஒரு தடவ ஆச்சு. அப்புறம் அஞ்சாறு தடவ குத்தினாத்தான் திரும்பும். ஆனா திரும்பிடுதே! திரும்புற வரைக்கும் நமக்கு அது பிரச்சனையே இல்ல.

இந்த நேரத்துல ஊருக்கு வந்த எங்க மாமனார், "இதுக்குப் போய் மெக்கானிக்கா மாப்ள"ன்னு சாவியில தேங்காய் எண்ணெய் தடவி உள்ள விட்டு ஆட்டினார். வெண்ணெய் மாதிரி திரும்புச்சு. ஒரு மாசம் பிரச்சனையே இல்ல. நானும் அப்பப்போ ரெண்டு சொட்டு விட ஆரம்பிச்சேன்.

போன டிசம்பர்ல சேலத்துல இருந்து குடும்பத்தோட ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஜம்முனு ஏறிச்சு. தங்கின இடத்துக்கு வெளிய நல்ல சரிவு, அதனால ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரத்த சுவர் பக்கமா திருப்பி நிறுத்தினேன். சரிவுல அப்படித்தான் நிறுத்தணும், அதுல தப்பு இல்ல. காலைல ஏழரை மணிக்கு எல்லாரும் உக்காந்தாச்சு, சாவி அசையல. முப்பது தடவ குத்தியிருப்பேன். பின்னாடி அத்தை "நல்ல நேரம் முடியறதுக்குள்ள கிளம்பிடலாமா மாப்ள"ன்னு கேக்குறாங்க, எனக்கு கை நடுங்குது, பிளையர் இருக்கான்னு டிக்கில தேடுறேன்.

பக்கத்துல வண்டி துடைச்சிட்டு இருந்த டாக்சி டிரைவர் அண்ணன்தான் ஓடி வந்தார். "பிளையர் போட்டீங்கன்னா சாவி உள்ளயே முறிஞ்சுரும், தள்ளுங்க சார்." அவர் முதல்ல சாவியத் தொடவே இல்ல, ஸ்டியரிங்கத்தான் புடிச்சார். சாவிய எடுத்துட்டா ஸ்டியரிங் தண்டுல இருக்கிற பள்ளத்துல ஒரு இரும்புத் துண்டு வந்து விழுந்து பூட்டிக்கும். சக்கரம் சுவத்துல முட்டிக்கிட்டு நின்னா, அந்த அழுத்தம் மொத்தமும் அந்தத் துண்டு மேல ஏறி நெருக்கும், அப்ப சாவி எப்படி திரும்பும்? அதனால ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாக்கணும். ஒரு பக்கம் கல்லு மாதிரி நிக்கும், இன்னொரு பக்கம் துளி விட்டுக் குடுக்கும். விட்டுக் குடுக்குற பக்கமா இழுத்துப் புடிச்சிட்டே சாவிய மெதுவா திருப்பணும். நிறைய பேருக்கு பிரச்சனை இவ்ளோதான், இதோட முடிஞ்சிரும்.

எனக்கு முடியல. அண்ணன் சாவிய வாங்கி வேட்டில துடைச்சு, உள்ளங்கைல வச்சு நல்லாத் தேச்சு, பத்துப் பதினஞ்சு தடவ உள்ள வெளிய விட்டு, கடைசில முழுசா தள்ளிட்டு ஒரு மயிரிழை பின்னாடி இழுத்துத் திருப்பினார். டக்!

ஊருக்கு வந்து சாவி போடுறவர்கிட்ட காட்டினப்பதான் வண்டவாளம் தெரிஞ்சுது. பூட்டுக்குள்ள சின்னச் சின்னதா பித்தளைத் தகடு வரிசையா ஸ்பிரிங் மேல உக்காந்திருக்கு. சாவியோட வெட்டு ஒவ்வொரு தகட்டையும் சரியான மட்டத்துக்குக் கொண்டு வந்தாத்தான் உருளை சுத்தும். பல வருஷம் தேஞ்ச சாவி ஒரு தகட்ட கொஞ்சமா மேல விட்டாலும் போச்சு. அதோட என்னோட எண்ணெய்! தூசிய எல்லாம் புடிச்சு கரும்பசையா ஒட்டியிருந்துச்சு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறைய ஆரம்பிச்சிரும், அது பாட்டில்ல தினம் பாக்குறதுதான், ஆனா பூட்டுக்குள்ளயும் உறையும்னு எனக்குத் தோணவே இல்ல. சேலம் வெயில்ல வழுக்கினது ஏற்காடு குளிருல மெழுகாயிருச்சு. பூட்டுக்கு எண்ணெயே வேணாம், கிராஃபைட் பவுடர் போதும்னார். அவசரத்துக்கு 6பி பென்சில சாவி மேல நல்லா தேச்சுப் போட்டாலும் ஓரளவு வேலை செய்யுது, நானே பாத்துட்டேன்.

நடுவுல நான் பண்ண இன்னொரு கூத்து, தேஞ்ச சாவியவே குடுத்து ஒரு கடைல டூப்ளிகேட் போட்டது. தேய்மானத்தோட அப்படியே நகல் வந்துச்சு. இது நம்ம சாவிதான்னு வண்டிக்கு அடையாளம் காட்டுற சிப் வேற அதுல இல்ல, ஒரு நாள் அதிசயமா திரும்பினப்ப என்ஜின் ஒரு செகண்ட் உறுமிட்டு நின்னுருச்சு. சாவி திரும்பலன்னா அது பூட்டோ ஸ்டியரிங்கோ. திரும்பியும் என்ஜின் ஓடலன்னா வேற கதை, பேட்டரி, சிப்னு போகும். இத குழப்பிக்கிட்டு பேட்டரி மாத்தினவங்களையும் பாத்திருக்கேன்.

சர்வீஸ் சென்டர்ல கதவுப் பூட்டு உட்பட முழு செட்டு, 9,500 ரூபான்னாங்க. நம்ம ஆள் 1,800-க்கு முடிச்சார். பீரோல தூங்கிட்டு இருந்த ஒரிஜினல் ஸ்பேர் சாவிய அளவா வச்சு புதுசா வெட்டி, பழைய சாவித் தலைல இருந்த சிப்ப எடுத்து இதுல வச்சு, உருளையக் கழட்டி தின்னர்ல கழுவி, ரெண்டு தகடு மாத்தினார். அப்ப ஒண்ணு சொன்னார்: என் வண்டில சாவி ஒரு கட்டம் திரும்பினாத்தான் உருளைய வெளிய எடுக்க முடியுமாம். சுத்தமா திரும்பாத நிலைக்குப் போயிருந்தா ட்ரில் போட்டு உடைக்கணும், அப்ப இந்த விலைக்கு நடக்காது. அதனால எப்பவாவது ஒரு தடவ அடம் புடிக்க ஆரம்பிக்கும்போதே போயிடுங்க, என்ன மாதிரி ரெண்டு வருஷம் குத்திட்டு இருக்காதீங்க.

என் சாவிக்கொத்த சமையலறை தராசுல வச்சேன், 160 கிராம். வீட்டுச் சாவி, ஸ்கூட்டர் சாவி, பென் டிரைவ், பழனில வாங்கின பித்தளை வேல். ஓடும்போது இது பூராவும் தொங்கி ஆடிட்டே பூட்டத் தேய்க்குது. அமெரிக்காவுல 2014-ல ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்சுக்காக 26 லட்சம் கார திரும்பக் கூப்பிட்டப்ப, சரி பண்ற வரைக்கும் வளையத்துல சாவி மட்டும் வச்சு ஓட்டுங்கன்னு சொன்னாங்க. அங்க சுவிட்சே வலுவில்லாம, சாவி தானா நழுவி ஓடுற வண்டி நின்னு ஏர்பேக்கும் விரியாமப் போச்சு, அது வேற பிரச்சனைதான், ஆனா சாவிக்கொத்து எடைய யாரும் கணக்குல எடுக்குறதில்ல.

இப்ப பத்து மாசமாச்சு, ஒரு தடவகூட சிக்கல. கார் சாவி தனியாத்தான் இருக்கு. அந்தப் பித்தளை வேல மட்டும் வீட்டம்மா டேஷ்போர்டுல ஒட்டி வச்சிருக்காங்க. மாமனார் வந்தா எண்ணெய் பாட்டில எடுத்து ஒளிச்சு வச்சிடறேன்.