பேட்ச் முறை பால் மில்: பயன்படுத்தியவரின் மதிப்பீடு

பீங்கான் மெருகுப்பூச்சுக் கலவையை அரைப்பதற்காக, உள்விட்டம் 1 மீட்டர் கொண்ட பால் மில் (ball mill, உருண்டைகளால் அரைக்கும் சுழல் உருளை) ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். மூலப்பொருள், தண்ணீர், அலுமினா உருண்டைகள் மூன்றையும் இட்டு, மூடியை இறுக்கி, அந்தப் பேட்ச் (ஒருமுறை இட்ட பொருள்) அரைந்து முடியும்வரை சுழலவிடுவதே இதன் முறை.

இவ்வளவு விட்டமுள்ள உருளையில், உருண்டைகள் கீழே சரியாமல் சுவரோடு ஒட்டிச் சுழலத் தொடங்கும் மாறுநிலை வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 43 சுற்றுகள். இந்த இயந்திரம் 30 சுற்றுகளில், அதாவது அதன் 70 விழுக்காட்டில் ஓடுவதால், உருண்டைகள் உரிய உயரம் ஏறிச் சரிந்து, பொருளை நசுக்கவும் தேய்க்கவும் செய்கின்றன. இந்த வேகம் சிறிதும் தளராமல் நிலைத்திருப்பதே இதன் தலையாய சிறப்பு என்பேன்.

அரைத்த குழம்பை 45 மைக்ரான் சல்லடையில் கழுவிப் பார்த்தால், அடியில் விரல்நுனியில் ஒட்டுமளவு மணலே தங்குகிறது. அடுத்தடுத்த பேட்ச்களிலும் அப்படியே. வெவ்வேறு நிறங்களை மாற்றி மாற்றி அரைப்பவர்களுக்குத் தொடர் அரைவையைவிட இம்முறையே ஏற்றது.

குறையென்றால், மூடியின் ரப்பர் வளையம் விரைவில் தேய்ந்து, விளிம்பில் குழம்பு கசிகிறது. உருண்டைகளுக்கிடையே தங்கும் மிச்சத்தைத் தண்ணீர் விட்டுச் சிறிது நேரம் ஓட்டித்தான் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அடர்நிறத்திற்குப் பின் வெள்ளை அரைப்பவர்கள் இதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. தேய்ந்த உருண்டைகளுக்கு ஈடாகப் புதியவற்றை எடைபோட்டுச் சேர்க்காவிட்டால், அரைவை நேரம் நீண்டுகொண்டே போகும்.