கொலிசியம் தியேட்டர்: பத்து ரோட்டின் பழைய படக்கொட்டகை

கோலாலம்பூரில் தமிழ்ப் படம் பார்க்க எத்தனையோ மால்கள் வந்தாச்சு, ஆனாலும் என்னைக் கேட்டால் கொலிசியம்தான். 1920களின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம், துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தச் சாலை இன்றும் பழைய பெயரில் பத்து ரோடு (Batu Road) தான். முகப்பின் அந்தத் தூண்களை எதிர்ப்பக்கம் நின்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள், உள்ளே போவதற்கு முன்பே மனசு நிறைந்துவிடும்.

அப்பா தோட்டத்தில் இருந்தபோது தீபாவளிப் படத்துக்குப் பஸ் பிடித்து இங்கேதான் வருவாராம். காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே என்ற கடலை நொறுக்குத்தீனி வாங்கி, இடைவேளை வரை தீராமல் பார்த்துக்கொள்வது தனித் திறமை என்பார். ரசிகர்கள் விசிலடித்தால் வசனமே கேட்காது, அதனால் இரண்டாம் தடவையும் வருவாராம்!

2006 வாக்கில் இந்தத் தியேட்டரை அரசு எடுத்து கலாசார மையமாக்கும் பேச்சு வந்தபோது பலர் எதிர்த்தார்கள். நல்ல வேளை. நூறாண்டு தாண்டிய கட்டடம் படம் ஓட்டும் இடமாகவே இருப்பதுதான் அதற்கு மரியாதை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது இல்லை.

பெரிய திரை, கூட்டத்தோடு கூட்டமாகக் கைதட்டும் சுகம், இது சின்ன ஹால்களில் கிடைக்காது. பண்டாராயா எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே வரலாம். சனிக்கிழமை என்றால் பின்பக்கச் சந்தில் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை இருக்கும், அப்புறம் மஸ்ஜித் இந்தியா பக்கம் சாப்பாடு. பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.