கோர்சிகாவின் மேற்குக் கரையா, போனிஃபாசியோ நீரிணையா? பாய்மரப் படகில் ஒரு வாரத்துக்கான ஒப்பீடு

மத்திய தரைக்கடலில் ஆறேழு பேர் கொண்ட சிறு குழுவாகப் பாய்மரப் படகில் ஒரு வாரம் செல்ல விரும்புகிறவர்கள், மலையும் பாறையும் நேராகக் கடலில் இறங்கும் தீவுக் கரைகளைத் தேடும்போது மூன்று இடங்கள் முதலில் கண்ணில் படும். பிரான்சின் கோர்சிகா தீவின் மேற்குக் கரை ஒன்று. கோர்சிகாவின் தென்முனையான போனிஃபாசியோவையும் இத்தாலியின் சார்டினியா தீவின் வடகிழக்கு மூலையிலுள்ள லா மத்தலேனா தீவுக்கூட்டத்தையும் உள்ளடக்கிய நீரிணைப் பகுதி இரண்டாவது. ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலுள்ள திராமுந்தானா மலைக்கரை மூன்றாவது. மூன்றுமே கண்கொள்ளாக் காட்சிகள் நிறைந்தவை என்பதால், எது அழகு என்று ஒப்பிடத் தொடங்கினால் ஒரு முடிவுக்கும் வர இயலாது. அவசரமில்லாத, அச்சமில்லாத பயணம் வேண்டும் என்கிறவர்கள் பார்க்க வேண்டியது, காற்று திரும்பும்போது ஒதுங்கும் இடம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைத்தான். என் மதிப்பீடு முழுவதும் இந்த ஓர் அளவுகோலைச் சார்ந்தே அமைகிறது.

இந்த அளவுகோலில் மயோர்க்கா விரைவிலேயே பின்தங்கிவிடுகிறது. 2011-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற திராமுந்தானா மலைத்தொடர், தீவின் வடமேற்குக் கரை நெடுகச் சுவர்போல் எழுந்து நிற்கிறது. தொர்ரெந்த் தெ பாரெய்ஸ் என்னும் ஆற்றுப் பிளவு கடலைச் சந்திக்கும் சா கலோப்ராவையும், ஃபொர்மெந்தோர் முனையையும் கடலிலிருந்து பார்ப்பது பெரும் அனுபவம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரை முழுவதற்கும் நம்பத்தகுந்த துறைமுகம் என்று சொல்லத்தக்கது போர்ட் தெ சோயெர் ஒன்றே. அதற்குத் தென்மேற்கில் தீவின் முனையைச் சுற்றவும், வடகிழக்கில் ஃபொர்மெந்தோரைச் சுற்றவும் தனித்தனியே 20 கடல் மைலுக்கு மேல் செல்ல வேண்டும். மற்ற குடாக்கள் அமைதியான நாள்களில் பகல்பொழுதைக் கழிக்கத் தகுந்தவை. வடக்குக் காற்று எழுந்தால் அவற்றில் இரவு தங்க எந்த அனுபவமுள்ள ஸ்கிப்பரும் (படகை நடத்துபவர்) சம்மதிக்கமாட்டார். ஆகவே ஒரு வாரப் பயணத்தில் மலைக்கரையில் கழியும் நாள்கள் இரண்டோ மூன்றோதான். எஞ்சிய நாள்கள் தீவின் மென்மையான தெற்கு, கிழக்குக் கரைகளில் கழியும். சோயெரில் இறங்கி, 1913 முதல் ஓடும் பழைய டிராமில் ஊருக்குள் சென்று வருவதை விரும்பும் குடும்பங்களுக்கு அது நல்ல விடுமுறைதான். கரடுமுரடான கரையைத் தேடி வருகிறவர்களின் ஆசை அதில் பாதிதான் நிறைவேறும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான். கோர்சிகாவின் மேற்குக் கரையில் கால்வியிலிருந்து அஜாக்சியோ வரையிலான கடல்வழி ஏறத்தாழ 60 கடல் மைல். மணிக்கு ஐந்தாறு கடல் மைல் வேகத்தில் செல்லும் படகுக்கு இது இரண்டு நாள் வேலை என்பதால், ஏழு நாளில் இதைக் கடப்பது மிக நிதானமான திட்டமாகத் தாளில் தெரியும். தாளில் தெரியாதது, கால்வியை விட்டுப் புறப்பட்டதும் தெற்கே அடுத்த பாதுகாப்பான இடமான ஜிரொலாத்தாவுக்கு 20 கடல் மைலுக்குச் சற்றுக் கூடுதலாகச் செல்ல வேண்டும் என்பதும், இடையில் வரும் கலேரியா போன்ற குடாக்கள் மேற்கு அலைக்கு முகம் காட்டி நிற்கின்றன என்பதுமே. தென் பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வரும் மிஸ்த்ரால் காற்று எழுப்பும் வடமேற்கு அலையும், லிபெச்சியோ என்னும் தென்மேற்குக் காற்று எழுப்பும் அலையும் தடுப்பார் இல்லாமல் இந்தக் கரையில் வந்து மோதுகின்றன.

அப்படியிருந்தும் இந்தக் கரையைத் தேடிப் பாய்மரப் படகுகள் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கரையிலுள்ள ஸ்காந்தோலா இயற்கைக் காப்பகம் 1975-ல் அமைக்கப்பட்டது. அதுவும் ஜிரொலாத்தா குடாவும் பியானாவின் பாறைக் கோபுரங்களும் சேர்ந்து 1983-ல் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்றன. பழைய எரிமலைக் குழம்பு இறுகி உருவான செந்நிறப் பாறை, மாலை வெயிலில் தணல்போல் ஒளிர்ந்து, அதே செங்குத்தில் நீருக்கடியிலும் இறங்கிச் செல்கிறது. பாறை உச்சிகளில் விரால் அடிப்பான் கழுகுகள் சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டுகின்றன. காப்பகத்துக்குள் மீன்பிடிப்பதற்கும் இரவில் நங்கூரமிடுவதற்கும் தடை உண்டு. கூடு கட்டும் பருவத்தில் அந்தப் பாறைகளை நெருங்கவும் கூடாது. சுற்றுலாப் படகுகளின் நெரிசலைக் காரணம் காட்டி, இந்தக் காப்பகத்துக்கு ஐரோப்பியப் பேரவை வழங்கியிருந்த பட்டயம் 2020-ல் புதுப்பிக்கப்படாமல் போனது. அதை அறிந்த பிறகும் இயந்திரத்தை இரையவிட்டு அந்தப் பாறைகளுக்கடியில் போய் நிற்பது தகாது என்றே நான் நினைக்கிறேன். பாய்மரப் படகில் வருகிறவர்கள் சற்றுத் தள்ளி, பாய் விரித்து, சத்தமின்றிக் கடந்து செல்லும் வாய்ப்பைப் பெற்றவர்கள். அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஜிரொலாத்தா இந்தப் பயணத்தின் உயிர்நாடி. கார் செல்லும் சாலை இல்லாத ஊர் அது. கடல்வழியாக வரவேண்டும், இல்லையேல் மேலே உள்ள கணவாயிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்து இறங்க வேண்டும். இத்தாலியின் ஜெனோவா நகரத்தவரான ஜெனோவியர் கட்டிய கோட்டை ஒன்று குடாவின் வாயிலைக் காத்து நிற்கிறது. 1540-ல் உதுமானியக் கடற்படைத் தலைவர் துர்குத் ரெயிஸ் ஜெனோவியரிடம் பிடிபட்டது இந்தக் குடாவில்தான். கோடையில் படகு குடாவுக்குள் நுழைந்ததும் துறை ஊழியர் ஒருவர் ரப்பர் படகில் எதிரே வந்து, எந்த வரிசையில் நிற்பது என்று கை காட்டுவார். முன்பக்கத்தை ஒரு மிதவையிலும் பின்பக்கத்தை இன்னொரு மிதவையிலும் கட்டுவதால் படகுகள் காற்றோடு சுழல முடியாது. பக்கத்துப் படகுக்கும் நம் படகுக்கும் நடுவே தடுப்பு மிதவைகள் மட்டுமே இருக்கும். மாலையில் கரைக்குப் போனால் கூழாங்கல் கடற்கரையில் பசுக்கள் படுத்து அசைபோடுவதைக் காணலாம். பிற்பகல் தாமதமாக வந்தால் மிதவை கிடைக்காது, அருகில் வேறு நல்ல ஒதுங்கிடமும் இல்லை. எனவே நண்பகலுக்கு முன்பே சேர்ந்துவிடும்படி திட்டமிடுவதே முறை.

ஜிரொலாத்தாவுக்குத் தெற்கே 300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த காப்போ ரோஸ்ஸோ முனையும் அதன் உச்சியில் ஒற்றைக் காவற்கோபுரமும், அதையடுத்துக் கிரேக்கக் குடியேறிகளின் வழித்தோன்றல்கள் வாழும் கார்ஜேஸ் ஊரும் வருகின்றன. அங்கே இலத்தீன் முறைத் தேவாலயமும் கிரேக்க முறைத் தேவாலயமும் எதிரெதிரே முகம் பார்த்து நிற்கின்றன. பின்னர் சாங்கினேர் தீவுகளைக் கடந்தால் அஜாக்சியோ. ஒவ்வொரு நாளும் கரை தன் உருவத்தை மாற்றிக்கொண்டே வரும் இந்த அனுபவம் மற்ற இரண்டு இடங்களிலும் கிடைக்காது.

போனிஃபாசியோ நீரிணையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. இங்கே மலை தாழ்ந்து, காற்றும் நீரும் உருட்டிச் செதுக்கிய சாம்பல்நிறக் கருங்கற்பாறைகள் தீவு தீவாகச் சிதறிக் கிடக்கின்றன. போனிஃபாசியோ நகரம் மட்டும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையின் விளிம்பில் நிற்கிறது. கடலிலிருந்து வருகிறவருக்குப் பாறைச் சுவரில் ஒரு வெட்டு மட்டுமே தெரியும். அதனுள் நுழைந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய நீர்வழி, அதன் முடிவில் படகுத்துறை. லவெத்சி தீவுகள் அங்கிருந்து ஐந்தாறு கடல் மைல், அங்கிருந்து மத்தலேனாவின் முதல் தீவான ரத்சோலி ஏறத்தாழ அதே அளவு. அதன்பின் சாந்தா மரியா, புதெல்லி, ஸ்பார்ஜி, கப்ரேரா எல்லாம் கைக்கெட்டும் தூரம். எந்தத் திசையில் காற்று அடித்தாலும் ஏதோ ஒரு தீவின் மறுபக்கத்துக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். காலையில் ஒரு குடாவில் நீந்தி, மதிய உணவுக்கு வேறொரு குடாவுக்கு மாறி, மாலையில் மூன்றாவதில் நங்கூரமிடும் ஓய்வான நாள் இங்குதான் இயல்பாக அமைகிறது.

இங்கே காற்றே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இரண்டு பெருந்தீவுகளின் மலைகளுக்கு நடுவே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அகலமே உள்ள இடைவெளியில் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடுகிறது; வெளிக்கடலில் மிதமாக வீசுவது நீரிணையில் பலமாகிவிடும். 1855 பிப்ரவரியில் கிரிமியப் போருக்குப் படையினரை ஏற்றிச் சென்ற செமியாந்த் என்னும் பிரெஞ்சுக் கப்பல் லவெத்சிப் பாறைகளில் மோதி உடைந்தது. கப்பலில் இருந்த ஏறத்தாழ 700 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்கள் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டம் அந்தத் தீவிலேயே இருக்கிறது. நீந்துவதற்காக அங்கே இறங்குகிறவர்கள் அந்தத் தோட்டத்தின் மதிற்சுவர் வரை நடந்து சென்று வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

இன்றைய ஸ்கிப்பருக்கு வானிலை அறிக்கை இருக்கிறது, காத்திருக்க இடமும் இருக்கிறது. நீரிணையைக் கடக்க நல்ல நாள் வரும்வரை தீவுகளுக்கிடையிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் குழுவில் எவருக்கும் எதையும் இழந்த உணர்வு வராது. கோர்சிகாவின் மேற்குக் கரையில் இதே காத்திருப்பு, கால்வித் துறைமுகத்தில் கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு கழியும் இரண்டு முழு நாள்களாகிவிடக் கூடும்.

மத்தலேனாவின் குறை அதன் நெரிசல். 1994-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தத் தீவுக்கூட்டத்தில் ஆகஸ்ட் நடுப்பகுதியில், இத்தாலி முழுவதும் விடுமுறையில் இருக்கும் வாரத்தில், நங்கூரமிட மணல்திட்டு தேடி அலைய நேரும். படகுகள் பூங்கா நிர்வாகத்துக்கு முன்கூட்டியே கட்டணம் செலுத்த வேண்டும். புதெல்லியின் இளஞ்சிவப்புக் கடற்கரையில் இறங்க அனுமதி இல்லை; தொலைவிலிருந்துதான் பார்க்கலாம். கப்ரேராவில், இத்தாலியை ஒன்றிணைக்கப் போரிட்ட தளபதி கரிபால்டி தம் இறுதிக்காலத்தைக் கழித்து 1882-ல் மறைந்த வீட்டைப் பார்க்க ஓர் அரைநாள் ஒதுக்குவது தகும்.

படகைப் பொறுத்தவரை, ஆறு பேருக்கும் ஸ்கிப்பருக்கும் 13, 14 மீட்டர் நீளமுள்ள ஒற்றை உடல் படகு போதும். இரட்டை உடல் கேட்டமரன் நங்கூரத்தில் அதிகம் ஆடாது, ஆழமில்லாத இடத்திலும் நிற்கும் என்பதால் மத்தலேனாவில் முதியவர்களும் குழந்தைகளும் உள்ள குழுவுக்கு அதையே பரிந்துரைப்பேன். ஜிரொலாத்தாவில் அவ்வளவு அகலத்துக்கு இடம் கிடைப்பது கடினம். எதிர்காற்றில் ஏறிச் செல்வதிலும் ஒற்றை உடல் படகே மேல். எதில் சென்றாலும் நங்கூரத்தை பொசிதோனியா கடற்புல்லின் மேல் போடாமல் வெளிர்நிற மணலில் போடச் சொல்ல வேண்டும். மயோர்க்காவை உள்ளடக்கிய பலேயாரிக் தீவுகளில் 2018 முதல் இதற்குச் சட்டமே உண்டு.

காலம் என்று பார்த்தால் இரண்டுக்கும் ஜூன், செப்டம்பர் மாதங்களே ஏற்றவை. கோடை முழுவதும் கடல் சாதுவாக இருக்கும் என்ற நம்பிக்கையை 2022 ஆகஸ்ட் 18 காலை வீசிய புயல் தகர்த்தது. கோர்சிகாவின் மேற்குப் பகுதியில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காற்று பதிவாகி, உயிர்ச்சேதம் நேர்ந்து, ஏராளமான படகுகள் கரையில் தூக்கியெறியப்பட்டன. பிரான்சும் இத்தாலியும் ஷெங்கன் நாடுகள் என்பதால் இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் ஒரே விசாவில் நீரிணையின் இரு கரைகளுக்கும் செல்லலாம்.

முதன்முறையாகப் பாய்மரப் படகில் ஏறுகிறவர்களும், அலையாட்டத்தில் குமட்டல் வரும் ஒருவரேனும் இருக்கும் குழுவும் மத்தலேனாவையே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. ஏற்கெனவே கடலில் சில இரவுகள் தங்கியவர்கள், திட்டம் மாறினால் முகம் சுளிக்காதவர்கள், மேற்குக் கரைக்குப் போகலாம். அதற்கு ஈடான கரை இந்தக் கடலில் வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் பணம் கட்டுமுன் பயண ஏற்பாட்டாளரிடம் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: கால்வியில் ஏறி அஜாக்சியோவில் இறங்கும் ஒருவழிப் பயணமா, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பயணமா? வடமேற்குக் காற்று முதுகில் தள்ள வடக்கிலிருந்து தெற்காக வருவது ஓய்வான பயணம். அதே காற்றை எதிர்த்து, படகை ஒப்படைக்கும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் வடக்கே ஏறிப் போவது அப்படிப்பட்டதல்ல. திரும்பித்தான் ஆகவேண்டும் என்றால் தெற்கெல்லையை ஜிரொலாத்தாவை அடுத்துள்ள போர்த்தோ குடாவோடு நிறுத்தி, கால்விக்குத் திரும்ப இரண்டு நாள்களைக் கையில் வைத்துக்கொள்ளும் திட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.