மூளைச் சீழ்க்கட்டிக்கு ஆறு வார மருந்து: பிக் லைன் தேறுமா?

குழந்தையின் மூளையில் கட்டிய சீழை, மண்டையோட்டில் துளையிட்டு உறிஞ்சி எடுத்துவிட்டாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு ஆறு முதல் எட்டு வாரம் ரத்தக்குழாய் வழியே ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். வழக்கமாகக் கொடுப்பது செஃப்ட்ரியாக்ஸோன், எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து. மொத்தம் 4 கிராமைத் தாண்டாது. கூடவே மெட்ரோனிடசோல். ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி என்ற சந்தேகம் இருந்தால் வான்கோமைசினும் சேரும். புறங்கையில் போடும் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் மூன்று நாலு நாளில் வீங்கிவிடும். ஆறு வாரத்துக்கு எத்தனை குத்து என்று கணக்குப் போட்டாலே பிக் லைன் பக்கம் வந்துவிடுவோம்.

முழங்கைக்கு மேல் அல்ட்ராசவுண்ட் பார்த்து நுழைத்து, இதயத்தின் வாசல்வரை கொண்டுபோகும் மெல்லிய குழாய் இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 3 ஃப்ரெஞ்ச், அதாவது 1 மி.மீ. தடிமன், பெரும்பாலும் போதும். இரட்டை வழிக் குழாயை வசதிக்காகக் கேட்காதீர்கள். ஒற்றை வழியில் அடைப்பும் கிருமித்தொற்றும் குறைவு. முனை எங்கே நிற்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்த பின்தான் மருந்து.

தேறும் பொருள்தான். கெடுவதெல்லாம் பெரும்பாலும் கையாளுவதில். 2 மில்லி சிரிஞ்சில் அழுத்தம் எகிறும், அடைத்த குழாய் வெடித்துவிடும்; எப்போதும் 10 மில்லி சிரிஞ்ச்தான். சலைனை ஒரே மூச்சில் தள்ளாமல், ஒரு மில்லி தள்ளி நிறுத்தி, மறுபடி ஒரு மில்லி என்று போனால் உள்சுவரில் படிந்தது கழுவப்படும். செஃப்ட்ரியாக்ஸோன் போன உடனே சலைன் விடாமல் வான்கோமைசின் ஏற்றினால் குழாய்க்குள்ளேயே பால் திரிந்தாற்போல் திரளும். கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் டிரிப்பும் செஃப்ட்ரியாக்ஸோனோடு சேராது.

குழாய் வெளியே தெரியும் நீளத்தை, அதை மூடியிருக்கும் கட்டின் மேலேயே எழுதி வையுங்கள். எண் கூடியிருந்தால் உள்ளே தள்ளக் கூடாது, மருந்தும் ஏற்றக் கூடாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கட்டு ஏழு நாளுக்கொரு முறை மாற்றினால் போதும் என்பது வியர்க்காத ஊருக்கு. ஓரம் கிளம்பினால் அன்றே மாற்றுங்கள்.

நீலம் பாரிக்கும் இதயக் குறையுள்ள குழந்தையிடம் மட்டும் இரட்டிப்பு எச்சரிக்கை. அசுத்த ரத்தம் நுரையீரலைத் தொடாமலே மூளைக்குப் போகும் குறுக்கு வழிதான் கட்டிக்கே காரணம்; சிரிஞ்சில் தங்கிய காற்றுக்குமிழும் அதே வழியில் போகும். காற்று வடிகட்டி இல்லாமல் இந்தப் பிள்ளைகளுக்கு லைனைத் தொடக் கூடாது. ரத்தமும் கெட்டியாக இருப்பதால் உறைகட்டி வரும் வாய்ப்பும் கூடுதல். கை வீங்குகிறதா என்று தினமும் பாருங்கள்.

மருந்து ஏறியதும் குளிர்நடுக்கம் வந்தால் லைனில் கிருமி என்று முதலில் நினைப்போம். ஆனால் காய்ச்சலோடு தலைவலியும் வாந்தியும் திரும்பினால், ரத்தத்தில் கிருமி தேடும் கல்ச்சரோடு மூளை ஸ்கேனும் அன்றே வேண்டும். சீழ் மறுபடி சேர்ந்திருக்கலாம்.

பிள்ளை வாய்வழி சாப்பிடத் தொடங்கியதும் மெட்ரோனிடசோலை மாத்திரையாக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குடலில் ஏறக்குறைய முழுதாக உறிஞ்சப்படும் மருந்து அது. அந்த வேளைகளுக்கு லைனைத் திறக்கவே வேண்டாம்.