ஜிடிஐயா, ஆக்டேவியா ஆர்எஸ்ஸா, சிஎக்ஸ்-5ஆ: டயர் சொன்ன தீர்ப்பு

புது வண்டி தேடியபோது கடைசிவரை களத்தில் நின்றவை மூன்று: ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ (எட்டாம் தலைமுறை), ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் (நான்காம் தலைமுறை), மாஸ்டா சிஎக்ஸ்-5 (2017இல் வந்த இரண்டாம் தலைமுறை). நான் எடுத்தது ஆக்டேவியா ஆர்எஸ். ஆகவே இந்த அலசல் தராசு முள்ளாக நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அடித்தளம் ஒன்று, 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒன்று. ஆரம்பத்தில் இரண்டுக்கும் 245 குதிரைத்திறன், பிறகு வந்த திருத்தத்தில் 265. டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை) அப்போதும் இப்போதும் 370 நியூட்டன் மீட்டர். முன் சக்கரங்களுக்கு நடுவில் இருந்து இரண்டுக்கும் விசையைப் பங்கிடும் மின்னணு டிஃபரென்ஷியல்கூட இரண்டு வண்டியிலும் உண்டு. வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மூக்கு வெளியே ஓடாமல் உள்பக்கம் திரும்புகிறதே, அது இதன் வேலைதான். ஆக, ஓட்டும் சுகத்தில் முக்கால் பங்கு இரண்டுக்கும் பொது.

மீதிக் கால் பங்கு ஜிடிஐ பக்கம். நீளம் 40 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவு, எடையும் கொஞ்சம் குறைவு. ஸ்டீயரிங்கைத் திருப்பிய அந்த நொடியில் வண்டி திரும்பிவிடும். ஆர்எஸ் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்புவது போலத் தோன்றும். தனியாக ஓட்டுபவர்களும், எப்போதாவது மட்டும் பின்சீட்டில் ஆள் ஏற்றுபவர்களும் மேற்கொண்டு படிக்காமல் ஜிடிஐ எடுத்துவிடலாம்.

குடும்பம் என்றதும் எல்லோரும் டிக்கியைத்தான் பார்க்கிறார்கள். ஆக்டேவியாவில் 600 லிட்டர், ஜிடிஐயில் 374. சிஎக்ஸ்-5 நடுவில், 500ஐச் சற்றுத் தாண்டும். ஆக்டேவியா பார்க்க செடான் மாதிரி இருந்தாலும் பின்கண்ணாடியோடு சேர்ந்து கதவு முழுதாக மேலே திறப்பதால், குழந்தையின் தள்ளுவண்டியை மடக்கி, சக்கரத்தைக் கழற்றாமல் அப்படியே வைக்கலாம். இடம் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. ஒரே ஒரு விஷயம்: ஐ.நா.வின் ஆர்129 தரத்தில் வரும் குழந்தை இருக்கைகளில், குறைந்தது 15 மாதம் ஆகும்வரை குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அந்த இருக்கையை மாட்டியதும் ஜிடிஐயில் அதற்கு முன்னால் உள்ள சீட்டை நன்றாக முன்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும். உயரமானவர் உட்கார்ந்தால் முட்டி டேஷ்போர்டைத் தொடும். ஆக்டேவியாவில் அந்தச் சிக்கல் இல்லை.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது இது எதுவும் இல்லை. டயர்.

டயரின் பக்கத்தில் 225/40 ஆர்18 என்று எழுதியிருக்கும். 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 40 என்பது, சைடுவாலின் (டயரின் பக்கச் சுவர்) உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 18 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ஆக ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வெறும் 90 மில்லிமீட்டர். 18 அங்குல ஜிடிஐயின் அளவு இதுதான். அழகுக்காக 19 அங்குலத்துக்குப் போனால் 235/35, அதாவது 82 மில்லிமீட்டர்.

ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் 18 அங்குல ரிம்முக்கு வருவது 225/45. கணக்குப் போட்டால் 101 மில்லிமீட்டர். அதே 18 அங்குலம்தான், ஆனால் 11 மில்லிமீட்டர் ரப்பர் கூடுதல். இன்னொரு வேடிக்கை: ஆக்டேவியா 19 அங்குலத்துக்குப் போனால் 225/40, மறுபடி 90 மில்லிமீட்டர். ஜிடிஐயின் 18க்கும் ஆக்டேவியாவின் 19க்கும் சைடுவால் ஒன்றே. விளம்பரப் படத்தில் ரிம் மட்டும்தான் கண்ணில் படும், இந்தக் கணக்கு படாது.

11 மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது? பள்ளத்தின் கூர்மையான விளிம்பில் சக்கரம் மோதும்போது முதலில் அமுங்குவது சஸ்பென்ஷன் இல்லை, டயர்தான். அமுங்க இடம் போதாவிட்டால் ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவில் சைடுவால் நசுங்கும். உள்ளே இருக்கும் இழைகள் அறுந்து பக்கவாட்டில் ஒரு புடைப்பு கிளம்பும். அதை ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது, டயரையே மாற்ற வேண்டும். மோதல் பலமாக இருந்தால் ரிம்மும் நெளியும். பின்சீட்டில் தூங்கும் குழந்தை எழுந்துகொள்வதும் இதே அதிர்ச்சியால்தான். பராமரிப்புச் செலவும் வீட்டாரின் முகச்சுளிப்பும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

370 நியூட்டன் மீட்டரை முன் சக்கரங்கள் மட்டுமே சாலைக்குக் கடத்துவதால், இரண்டு வண்டியிலும் முன் டயர்கள் பின் டயர்களைவிட வேகமாகத் தேயும். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆள், சாமான் எல்லாம் ஏற்றினால் காற்றையும் கூட்ட வேண்டும். எவ்வளவு என்று கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ ஒட்டியிருப்பார்கள். காற்று கூடக் கூட டயர் விறைக்கும். 82 மில்லிமீட்டர் சைடுவாலோடு நாலு பேரை ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் போவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

இந்தக் கணக்கில் ஜெயிப்பது உண்மையில் சிஎக்ஸ்-5. 17 அங்குலத்தில் 225/65, அதாவது 146 மில்லிமீட்டர். 19 அங்குலத்தில்கூட 225/55, 124 மில்லிமீட்டர் வரும். பள்ளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சீட் உயரமாக இருப்பதால் முட்டிவலிக்காரர்கள் குனியாமல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். உயரமான வண்டிகளில் ஸ்டீயரிங் இவ்வளவு இயல்பாக இருப்பதும் அபூர்வம். ஆனால் டர்போ இல்லாத 2.5 லிட்டர் எஞ்சினும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கும் அவசரப்படவே மாட்டா. அடுத்தடுத்து வளைவுகள் வந்தால் உயரம் தன் வேலையைக் காட்டிவிடும், பின்சீட்டில் தலைகள் ஆடும். நான் இதைக் கொஞ்ச தூரம்தான் ஓட்டியிருக்கிறேன். வருடக்கணக்கில் வைத்திருப்பவர் சொல்வதை என் பேச்சுக்கு மேலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆக்டேவியாவை 18 அங்குல ரிம்மோடுதான் எடுத்தேன். வளைவில் 19 அங்குல வண்டி இன்னும் கூர்மையாகத் திரும்பும் என்பது உண்மைதான், ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது. ஆனால் அந்த வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரியும். பள்ளம் வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். சஸ்பென்ஷனின் விறைப்பை மாற்றிக்கொள்ளும் வசதி கூடுதல் விலைக்குக் கிடைத்தால், பெரிய ரிம்முக்குக் கொடுக்கும் பணத்தை அதற்குக் கொடுப்பேன்.

டெஸ்ட் டிரைவுக்கு வைத்திருக்கும் வண்டிகளில் பெரும்பாலும் பெரிய ரிம்தான் இருக்கும். நீங்கள் எடுக்கப் போகும் அளவு மாட்டிய வண்டியைக் கேளுங்கள். அப்புறம் வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள். டிக்கியின் தரையைத் தூக்கி உள்ளே ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட் மட்டும்தானா என்றும் பாருங்கள். சைடுவால் கிழிந்தால் அந்தக் கிட் ஒன்றுக்கும் உதவாது.